அயூப் பாய் திறந்து காட்டிய சுவர்

அயூப் பாயின் தொழில் கட்டடம் இடிப்பது. வேங்கைவாசல் சாலையில் அவருடைய கிடங்கு இருந்தது. இடித்த வீடுகளிலிருந்து எடுத்த தேக்குக் கதவுகளும் சன்னல்களும் உத்திரங்களும் அங்கே சுவரோரம் சாத்தி நிற்கும். கேளம்பாக்கம் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் காரில் வந்து, கதவைத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டு போவார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் அவர் ஒரு வீடாவது இடிக்காத தெரு குறைவு.

2007 பிப்ரவரியில், கடப்பேரியில் இருந்த கமலவேணி துவக்கப் பள்ளியை இடித்துத் தரவேண்டும் என்று அதன் செயலாளர் சிட்டிபாபு அவரைக் கூப்பிட்டார். அது அரசு உதவி பெறும் பள்ளி. ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுத்தது. கட்டடமும் இடமும் சிட்டிபாபுவின் குடும்ப அறக்கட்டளைக்குச் சொந்தம். அவருடைய தாத்தா 1914இல் கட்டியது.

"தாத்தா காலத்துல முந்நூறு பிள்ளைங்க படிச்சாங்க பாய். இப்ப எழுபத்தொம்பது பேரு. சுத்தி எங்க பாத்தாலும் இங்கிலீஷ் மீடியம் வந்துடுச்சு. இதை எடுத்துட்டு மூணு மாடி கட்டினாத்தான் ஸ்கூல் நிக்கும்" என்றார் சிட்டிபாபு. அவர் பேச்சில் வஞ்சகம் எதுவும் இல்லை. களைப்புதான் தெரிந்தது. கூரை ஆபத்தான நிலையில் இருக்கிறது என்று ஒரு பொறியாளரிடம் சான்றிதழும் வாங்கி வைத்திருந்தார்.

அயூப் பாய் பள்ளிக்குப் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரே நீளமான கூடம். நடுவில் பச்சைத் தட்டிகள் வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். மேலே பன்னிரண்டு பர்மா தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் கூரை. வடக்குச் சுவர் மூலையில் மட்டும் பச்சையாகப் பாசி படர்ந்திருந்தது. வெளியே மழைநீர்க் குழாய் உடைந்து, தண்ணீர் அந்தச் சுவரிலேயே இறங்கிக்கொண்டிருந்த அடையாளம் அது.

அவர் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு உத்திரத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். இறங்கி வந்தபோது தலைமை ஆசிரியை ஞானசௌந்தரி ஏணியடியில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது, மெலிந்த உடம்பு. முப்பது வருஷம் வகுப்பு எடுத்ததில் தொண்டை கொஞ்சம் கரகரத்திருந்தது.

"பாய், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது விழுமா?"

"விழாது டீச்சர். நான் தள்ளினாத்தான் விழும்."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியது. ஞானசௌந்தரி அவரைத் தன் மேசைக்கு அழைத்துப் போய் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். பழமையான கட்டடங்களைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் ஒரு குழுவுக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் அனுப்பியிருந்தார். செங்கல்பட்டு பதிவு அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்து வாங்கிய பத்திர நகல், 1916இல் வந்த பள்ளி ஆய்வாளர் எழுதிவிட்டுப் போன குறிப்பு, கூடத்தின் புகைப்படங்கள் எல்லாம் அதில் இருந்தன. பட்டியலில் சேர்ந்துவிட்டால் இடிக்க முடியாது. சிட்டிபாபுவிடம் அவர் இன்னும் சொல்லவில்லை.

"மூணு மாடி கட்டறேன்னு இவர் நிஜமாத்தான் சொல்றார். ஆனா கட்டறதுக்குப் பணம் போடறேன்னு வந்திருக்கிற ஆளு வேற மாதிரி பேசறான். கீழ கடை, மேல ஸ்கூல்னு ஆரம்பிப்பான். அப்புறம் ஸ்கூலே இருக்காது. கட்டடம் நின்னாத்தான் பாய் ஸ்கூல் நிக்கும். குழுவுல இருந்து ஆள் பாக்க வருவாங்க. அப்ப நீங்க இப்ப சொன்னதை அவங்ககிட்ட சொல்லணும்."

"நான் இடிக்கிறவன் டீச்சர். எம் பேச்சை யாரு கேப்பாங்க?"

"அதனாலதான் கேப்பாங்க. காப்பாத்தணும்னு நான் சொன்னா, கெழவிக்குப் பாசம்னு விட்டுருவாங்க. உங்களுக்கு இது இடிஞ்சாத்தானே வேலை?"

அயூப் பாய் வண்டியை எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டின்போது மனைவி ஜெய்னப்பிடம் விஷயத்தைச் சொன்னார். ஜெய்னப் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "நெசமாவே நல்லா இருக்குதா அது?"

"தட்டுனா மணி மாதிரி சத்தம் வருது."

"அப்ப அதச் சொல்றதுக்கு இன்னா? இடிக்கிறதுக்கு ஊர்ல வேற வூடா இல்ல?"

அவர் சிட்டிபாபுவுக்குப் போன் செய்து, வேலை நெருக்கடி, கோடை முடியட்டும் என்றார். இது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஜூலையில் குழுவின் கடிதம் வந்தது. விண்ணப்பத்தைப் பற்றிச் சிட்டிபாபுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கு வந்து, பிள்ளைகள் முன்னால் குரலை உயர்த்தாமல், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் டீச்சர். உங்களை நான் ஒரு நாளும் வேலைக்காரியா நெனச்சதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட ஞானசௌந்தரிக்கு அத்தனை வலித்திருக்காது.

குழு சார்பில் பார்வையிட வந்தவர் துர்கா என்ற கட்டடக் கலைஞர். முப்பது வயது இருக்கும். ஆகஸ்டு மாதம், ஒரு சனிக்கிழமை காலை. பெற்றோர்களும் வரலாம் என்று கடிதத்தில் இருந்ததால் கூடத்தில் இருபது பேருக்கு மேல் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சிட்டிபாபு சான்றிதழுடன் வந்திருந்தார். அயூப் பாயும் வந்தார். அவரைப் பார்த்ததும், தான் கூப்பிட்ட ஆள் என்று சிட்டிபாபு பக்கத்தில் இடம் விட்டார். அயூப் பாய் உட்காராமல் தூணோரம் நின்றுகொண்டார்.

துர்கா கட்டடத்தின் வயதைப் பற்றியும் வளைவுகளைப் பற்றியும் சொல்லி முடிக்கும்முன் ஒரு பெண் எழுந்தார். பெயர் கன்னியம்மா. கோவளத்து மீனவக் குடும்பம். கல்யாணமாகி வந்ததிலிருந்து கடப்பேரியில் குடியிருந்து, தாம்பரம் தெருக்களில் மீன் விற்றார். கூடையை வாசலில் வைத்துவிட்டு நேராக வந்திருந்தார்.

"மேடம், நீ யாரு, எங்கர்ந்து வர்றேன்னு எனக்குத் தெரியாது. எம் பொண்ணு இங்க நாலாவது படிக்குது. போன மழைக்கு மேலர்ந்து சுண்ணாம்பு பேத்துகினு அது பக்கத்துல வுழுந்துச்சு. ஒரு முழம் தள்ளி வுழுந்திருந்தா மண்டை போயிருக்கும். கும்பகோணத்துல அத்தினி புள்ளைங்க எரிஞ்சதுலர்ந்து நான் காலைல இத வுட்டுட்டுப் போனா சாய்ந்தரம் வரைக்கும் வவுத்துல நெருப்புதான். பயைய கட்டடம் அழகாத்தான் கீது. அழக வெச்சிகினு இன்னா பண்றது?"

கன்னியம்மா ஞானசௌந்தரி பக்கம் திரும்பினார்.

"பொட்டப் புள்ளைங்க ஒண்ணுக்குப் போவணும்னா தெருவத் தாண்டி வூட்டுக்கு ஓடியாருதுங்க. இந்தக் கட்டடத்துக்கு இம்மாம் பேப்பர் எய்தி எங்கெங்கியோ அனுப்புனியே டீச்சர், அதுக்கு ஒரு பேப்பர் எய்துனியா?"

ஞானசௌந்தரி எழுந்து நின்றார். பின்னால் இருந்த கழிப்பறை இரண்டு வருஷமாக அடைத்துக் கிடந்தது. செயலாளரிடம் வாயால் இரண்டு முறை சொன்னதோடு சரி.

"எழுதல" என்றார்.

சிட்டிபாபு இந்தச் சமயத்தில் சான்றிதழை நீட்டினார். உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் இற்றுப்போய்விட்டன என்று அதில் எழுதியிருந்தது. துர்கா அதைப் படித்துவிட்டு, "சுவரைத் திறந்து பார்த்தாங்களா?" என்று கேட்டார். திறக்கவில்லை என்று சிட்டிபாபு ஒப்புக்கொண்டார். கீழே நின்று பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள்.

அப்போது அயூப் பாய் தூணோரத்திலிருந்து முன்னால் வந்தார். "மேடம், நான் தட்டிப் பாத்திருக்கேன். பன்னெண்டும் கெட்டியா இருக்குது. சந்தேகம் இருந்தா இப்பவே திறந்து காட்டறேன்."

சிட்டிபாபு அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடத் திகைப்பு அதிகமாக இருந்தது. "திறங்க பாய். எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

வண்டியிலிருந்து உளியும் சுத்தியலும் வந்தன. பாசி படர்ந்த மூலையிலேயே திறக்கச் சொன்னார் துர்கா. அயூப் பாய் ஏணியில் ஏறி, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் சாந்தைக் கொத்தி, மூன்று செங்கல்லை ஒவ்வொன்றாக உருவிக் கீழே கொடுத்தார். பிறகு கையை உள்ளே விட்டு உத்திரத்தின் முனையைத் தொட்டார்.

கட்டை கையோடு வந்தது. ஈரத்தில் ஊறிய ரஸ்க் மாதிரி விரலுக்கிடையில் உதிர்ந்தது. ஒரு சாண் நீளத்துக்கு உள்ளே மரமே இல்லை. கரையான் தின்ற வெறும் கூடு. வெளியே தெரிந்த பாகம் மட்டும்தான் அன்று மணி மாதிரி ஒலித்திருந்தது.

அவர் முதுகு கூடத்தின் பக்கம் இருந்தது. ஓட்டைக்குள் இருப்பது அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. நல்லா இருக்குது என்று சொல்லிவிட்டுச் செங்கல்லைத் திரும்ப வைத்தால் அத்தோடு முடிந்தது. பிறகு நாமே வந்து சத்தமில்லாமல் ஒரு முட்டுக் கொடுத்துவிடலாம் என்றும் ஒரு நொடி தோன்றியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பல்லாவரத்தில், இந்தச் சுவர் தாங்கும் என்று அவர் வாயால் சொன்னதை நம்பி அடியில் நின்ற வேலையாளின் கால் அவர் நினைவுக்கு வந்தது. அந்த ஆள் இன்றைக்கும் கட்டை ஊன்றித்தான் நடக்கிறார்.

"கெட்டுப் போயிருக்குது மேடம்" என்றார், திரும்பாமலே. பிறகு திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் சொன்னது தப்பு. இந்த முனை போயிடுச்சு. டீச்சர்கிட்டயும் தப்பாத்தான் சொல்லிட்டேன்."

உதிர்ந்த தூளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு இறங்கி, துர்காவின் மேசையில் கொட்டினார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. சிட்டிபாபு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஞானசௌந்தரி முதல் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வேற என்ன சொல்றீங்க?" என்று துர்கா அயூப் பாயைக் கேட்டார்.

"ஒண்ணு கெட்டதுனால பன்னெண்டும் கெட்டுதுன்னு சொல்ல மாட்டேன். நல்லதுன்னும் இனிமே தட்டிப் பாத்துச் சொல்ல மாட்டேன். ரெண்டு பக்கமும் எல்லாத்தையும் திறக்கணும். புள்ளைங்க உக்கார்ற எடம்."

அன்று மாலை நாலு மணி வரை அவர் ஏணியிலிருந்து இறங்கியது குறைவு. ஜெய்னப் அனுப்பிய சாப்பாட்டு டப்பா சன்னலில் திறக்காமலே இருந்தது. வியாபாரத்துக்குப் போகவேண்டிய கன்னியம்மாவும் போகவில்லை. பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு வந்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஏணியின் பாதிப் படி வரை ஏறித் தன் கையையே உள்ளே விட்டுப் பார்த்தார். வடக்குச் சுவரில், உடைந்த குழாய்க்குப் பக்கத்தில் மூன்று உத்திரங்களின் முனைகள் போயிருந்தன. மற்ற ஒன்பதில் உளி இறங்கவே மறுத்தது.

கடைசி ஓட்டையிலிருந்து இறங்கியதும் கன்னியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாய், நீ நல்லா கீதுன்னு சொல்லிட்டு எறங்கியிருந்தா, திங்கக்கெயம எம் பொண்ணு அதுக்குக் கீயதான் குந்திகினு இருந்திருக்கும்."

அயூப் பாய் உளியைத் துடைத்துச் சுத்தியலோடு சேர்த்து வைத்தார்.

துர்கா பெற்றோர்களை அருகே அழைத்துத் தன்னால் சொல்ல முடிந்ததைச் சொன்னார். தீர்மானம் அவர் கையில் இல்லை, குழு கையில்தான். பட்டியலில் வந்தால் கூடத்தை இடிக்கக் கூடாது, ஆனால் பழுது பார்க்கலாம், பார்த்தே ஆகவேண்டும். பின்னால் இருக்கும் காலி இடத்தில் கழிப்பறையோ வகுப்பறையோ கட்ட எந்தத் தடையும் இல்லை.

"எய்திக் குடு" என்றார் கன்னியம்மா.

"அப்படிக் கட்டணும்னு உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லம்மா. நீங்க கேட்டதை என் அறிக்கையில எழுதறேன். எழுதினதைப் படிச்சுக் காட்டறேன்."

அங்கேயே எழுதினார். 'மூன்று உத்திரங்களை மாற்றும்வரை கூடத்தில் வகுப்பு நடத்தலாகாது. பெண் குழந்தைகளுக்குக் கழிப்பறை உடனடித் தேவை. பெற்றோர் கன்னியம்மா இதை நேரில் வலியுறுத்தினார்.' தன் பெயர் வந்த இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கன்னியம்மா கூடையைத் தூக்கினார்.

திங்கட்கிழமையிலிருந்து பள்ளி, தெருக்கோடியில் இருந்த கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாறியது. முகூர்த்த நாட்களில் விடுமுறை. ஞானசௌந்தரி சனிக்கிழமைதோறும் பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார். முதல் மூன்று வாரம் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். கழிப்பறைக்கான மனுவை அவர்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். "இதை நான் பத்து வருஷம் முன்னாடி செஞ்சிருக்கணும்" என்று ஒருநாள் அயூப் பாயிடம் சொன்னார். "கட்டடம் பேசாது, நான்தான் பேசணும்னு நெனச்சேன் பாய். வாய் இருக்கிறவங்க பக்கத்துலயே இருந்தாங்க. கேக்கத் தோணல."

சிட்டிபாபு அயூப் பாயோடு ஒன்பது மாதம் பேசவில்லை. பணம் போட வந்த ஆள் விலகிக்கொண்டுவிட்டார் என்று ஊரில் பேச்சு. 2008 மே மாதம், கூடம் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அடுத்த வாரம் சிட்டிபாபு வேங்கைவாசல் கிடங்குக்கே வந்தார். சாத்தி வைத்திருந்த கதவுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நடந்தார்.

"நீங்க அன்னைக்கு எனக்கு விரோதமா நின்னீங்கன்னு ரொம்ப நாள் நெனச்சேன் பாய். அப்புறம் யோசிச்சா, டீச்சருக்கு விரோதமாவும் சொன்னீங்க. யாருக்காக நின்னீங்கன்னே எனக்குப் புரியல."

"அந்த மூணு கட்டைக்குக் கீழ யாரும் நிக்க வேணாம்னு நின்னேன் சார். அவ்ளோதான்."

சிட்டிபாபு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். "என் பசங்க ரெண்டு பேரும் கான்வென்ட்லதான் படிச்சாங்க. எங்க தாத்தா கட்டின ஸ்கூல்ல சேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நானே சேக்கல, ஊர்ல எவன் சேப்பான்? கட்டடத்தைச் சொல்லி என்ன ஆகப்போவுது." பிறகு, "பழுது பாக்கற வேலையை நீங்களே எடுத்துக்குவீங்களா? இடிக்கறதுக்குக் கூப்பிட்டவன், இப்ப கட்டறதுக்குக் கூப்பிடறேன்" என்றார்.

இருபத்தொன்பது வருஷத்தில் அயூப் பாய் எதையும் கட்டினதில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த இரண்டு பேரைப் படப்பையில் தேடிப் பிடித்தார். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. குரோம்பேட்டையில் இடித்த ஒரு வீட்டின் உத்திரங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, இந்தத் தடவை இரண்டு முனையையும் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினார். முதல் உத்திரத்தை ஏற்றும்போது கூரை முனகியது. சரிந்துவிடுமோ என்று பயந்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் வாசலிலேயே நின்றார். சரியவில்லை. ஆனாலும் மழை குறுக்கே வந்தது, ஆள் கிடைக்கவில்லை, அனுமதிக் கடிதம் தாமதமானது. நாலு மாத வேலை பத்து மாதம் ஆனது. கழிப்பறைகள் அதற்கு முன்பே, நவம்பரிலேயே முடிந்துவிட்டன. அவற்றை முதலில் கட்டவேண்டும் என்று பெற்றோர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்.

இதற்குள் கன்னியம்மாவின் மகள் மண்டபத்திலேயே ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, ஆறாம் வகுப்புக்குப் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். புதுப்பித்த கூடத்தில் அவள் ஒருநாள்கூட உட்காரவில்லை.

2009 ஜூனில் பள்ளி பழைய கூடத்தில் திறந்தது. விழா எதுவும் வைக்கவில்லை. ஞானசௌந்தரிக்கு அது கடைசி வருஷம். காலையில் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் உள்ளே போன பிறகு கன்னியம்மா வந்தார். கூடத்துக்குள் வராமல் நேராகப் பின்பக்கம் போனார். நான்கு கழிப்பறைக் கதவுகளையும் ஒவ்வொன்றாக உள்ளேயிருந்து தாழ் போட்டுப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். பிறகுதான் கூடத்துக்கு வந்து, வடக்குச் சுவரின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். பழைய உத்திரங்கள் கறுப்பாகவும் மாற்றிய மூன்றும் கொஞ்சம் வெளுப்பாகவும் இருந்தன.

"தாப்பா நல்லாத்தான் புடிக்குது" என்றார் ஞானசௌந்தரியிடம். "தண்ணி வேகமா வருது."

"உக்காருங்க கன்னியம்மா."

"குந்த நேரமில்ல டீச்சர், மீனு போயிடும். எந் தங்கச்சி பையன் ஒண்ணு கீது. வயசு அஞ்சு முடிஞ்சி ஆறு நடக்குது. அவ அந்தாண்ட இங்கிலீஷ் ஸ்கூல்ல போடறேன்னு குதிச்சிகினு இருந்தா. நான் பாத்துட்டு வந்து சொல்றேன், அப்பறம் போடுன்னேன். எடம் கீதா?"

"இருக்கு" என்றார் ஞானசௌந்தரி. சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். "பேரு சொல்லுங்க."

"வூட்ல விக்கின்னு கூப்புடுவோம். நெசப் பேரு வேற. அவுங்கம்மாவக் கேட்டுகினு நாளைக்கிக் கையோட இட்டாரேன்."

ஞானசௌந்தரி அந்த வருஷத்தின் வரிசை எண்ணை எழுதி, பெயருக்கு இடம் விட்டு, பதிவேட்டைத் திறந்தபடியே மேசைமேல் வைத்தார்.